சிலோன் ரேடியோவை வளர்த்தது கேஸ்கர் மட்டும்தானா?

வாசகர் ஒருவர், 3 ஜூன், காலை 10.15

கேஸ்கர் என்ற மத்திய மந்திரி ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டைத் தடை செய்யாமல் இருந்திருந்தால், இலங்கை வானொலி என்று ஒன்று இருப்பதே தமிழ்நாட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதன் வரலாறு அவ்வளவுதான். மற்றதெல்லாம் வயதானவர்களின் புலம்பல். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

3 ஜூன், இரவு 9.20

மறுக்கிறேன். பாதியை மட்டும்.

கேஸ்கர் 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு மந்திரி. சாஸ்திரிய சங்கீதப் பிரியர், சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. ஆனால் நடந்ததைத் தடை என்று சுருக்கிவிட முடியாது. சினிமாப் பாட்டுக்கான நேரத்தை வெட்டினார்கள். போடுகிற பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்றார்கள்; சொன்னால் அது விளம்பரமாகிவிடுமாம். படத் தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டீர்கள் என்றால் பாட்டையும் போடாதீர்கள் என்று ஒலிபரப்பு அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நின்றதில் நடுவில் மாட்டியவர்கள் நேயர்கள். அப்போதுதான் முள் கொழும்புப் பக்கம் திரும்பியது. இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் 1957 அக்டோபர் 3 அன்று ஆல் இந்தியா ரேடியோவின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி வந்துவிட்டது. சினிமாப் பாட்டு அரசு வானொலிக்கே திரும்பிவிட்டது. கேஸ்கர்தான் காரணம் என்றால் அதோடு சிலோன் ரேடியோவின் கதை முடிந்திருக்க வேண்டும். நான் திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரைக் கிராமத்தில் வளர்ந்தவன். 1970களில் எங்கள் தெருவில் விவித் பாரதி கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். சிலோன் கேட்காத வீடு எது என்று நான்தான் தேட வேண்டும். அதற்கும் கேஸ்கர்தான் காரணமா?

3 ஜூன், இரவு 9.50

ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டது. கேஸ்கர் கதை அடிப்படையில் ஹிந்தி நேயர்களின் கதை. 1952 டிசம்பரில் அறிவிப்பாளர் அமீன் சயானி பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியைச் சிலோன் ரேடியோவில் தொடங்கினார். வட இந்தியாவே கொழும்பைக் கேட்டது. பம்பாயில் பதிவு செய்து, ஒலிநாடாவை விமானத்தில் அனுப்பி, அங்கிருந்து ஒலிபரப்பினார்கள். அதாவது குரல் பம்பாயுடையது, டிரான்ஸ்மிட்டர் மட்டும் கொழும்புடையது. தமிழில் அப்படி இல்லை. குரலே இலங்கைக் குரல். இந்த வித்தியாசத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

4 ஜூன், காலை 7.05

முதலில் கருவி. அதைச் சொல்லாமல் வரலாறு பேசினால் கொத்தனாரை விட்டுவிட்டுக் கிரகப்பிரவேசம் பேசுவது போல ஆகிவிடும்.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. தந்தி அலுவலகத் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு முன்பே சோதனை ஒலிபரப்புகளைச் செய்து பார்த்திருந்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அந்தக் கருவியைக் கட்டினார்கள் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. சென்னையில் ஆல் இந்தியா ரேடியோ வந்தது 1938-இல், திருச்சியில் 1939-இல். திருநெல்வேலிக்கு 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சின்ன நிலையம் நமக்கெல்லாம் கேட்டிருக்காது. நமக்குக் கேட்க வைத்தது இரண்டாம் உலகப் போர். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் இலங்கையில் இருந்தது. பர்மா, மலேயா என்று சிதறிக் கிடந்த துருப்புகளுக்குப் பாட்டும் செய்தியும் போக வேண்டும் என்று ரேடியோ சீயாக் என்ற நிலையத்தை உண்டாக்கினார்கள். கொழும்புக்கு வடக்கே, ஜா-எலவை அடுத்த ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை (ஷார்ட் வேவ்) டிரான்ஸ்மிட்டர் ஒன்றை நட்டார்கள். அது வேலைக்கு வந்தது 1946-இல். போர் முடிந்துவிட்டது! யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்கள் மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

1949-இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ரேடியோ சிலோன் தனித் துறையானது. ஒரு சின்னத் தீவு, அதற்குத் தேவையைவிடப் பல மடங்கு பெரிய குழாய். மின்சாரச் செலவுக்கே பணம் வேண்டுமே, என்ன செய்வது? 1950 செப்டம்பர் கடைசியில் வர்த்தக சேவை பிறந்தது. கொழும்புத் திட்டம் என்ற காமன்வெல்த் உதவித் திட்டத்தில் வந்த ஆஸ்திரேலியர் கிளிபர்ட் டாட் அதற்குத் தலைவர். அவரோடு தோளோடு தோளாக நின்றவர் லிவி விஜேமான.

தேதியைக் கவனியுங்கள். வர்த்தக சேவை 1950. கேஸ்கர் மந்திரியானது 1952. கடை முன்னாலேயே திறந்திருந்தது. எதிர்க்கடைக்காரர் பூட்டியதும் கூட்டம் வந்தது.

4 ஜூன், மாலை 6.40

பணம் யார் தந்தது என்று கேட்டிருக்கிறார்கள். நாம்தான் தந்தோம். ஆல் இந்தியா ரேடியோவில் 1967 நவம்பர் வரை விளம்பரமே கிடையாது. அதற்குப் பிறகும் பம்பாய், புனே, நாக்பூர் என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள். பற்பொடியோ சோப்போ விற்கிற இந்தியக் கம்பெனிக்கு, காற்றில் ஒரே சந்தை கொழும்புதான். கோபால் பற்பொடியை அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பல்லுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும்.

புதுப்படம் வந்தால் வசனத் துண்டுகளும் பாட்டுத் துண்டுகளுமாகக் கால் மணி நேர விளம்பர நிகழ்ச்சி வரும். எங்களுக்கெல்லாம் படத்தை முதலில் காதால் பார்த்துவிட்டுத்தான் பிறகு டெண்டுக் கொட்டகை.

5 ஜூன், இரவு 10.10

'எங்கள் மதுரையில் பகலில் இழுத்து இழுத்துத்தான் கேட்கும், தூத்துக்குடிக்காரர்கள் மட்டும் உள்ளூர் நிலையம் மாதிரி கேட்டதாகப் பீற்றிக்கொள்கிறார்களே' என்று ஒருவர். பீற்றல் இல்லை, பௌதிகம்.

மத்திய அலை (மீடியம் வேவ்) பகலில் தரையை ஒட்டித்தான் போகும். மேலே போவதை, வெகு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு பகலில் உறிஞ்சிவிடுகிறது. தரையை ஒட்டிப் போகும் அலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். உப்புத் தண்ணீரின் மின்கடத்தும் திறன் சாதாரண நிலத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். அதனால் அலை கடல் மேல் அதிகம் தேயாமல் வந்துவிடும். இலங்கையின் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர் இருக்கும் புத்தளத்திலிருந்து தூத்துக்குடி சுமார் 200 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுவதும் கடல். கரை ஏறியதும் செம்மண்ணும் பாறையும் தின்ன ஆரம்பித்துவிடும். மதுரைக்குப் போய்ச் சேருவது மிச்சம்தான். ராத்திரியில் அந்தக் கீழ் அடுக்கு கலைந்துவிடுவதால் மேலே போன அலை திரும்பி வரும். சென்னை வரைக்கும் கேட்கும், ஆனால் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும்.

சிற்றலை வேறு கணக்கு. ஏக்கலையிலிருந்து சென்னை 650 கிலோமீட்டருக்கு மேல். வானத்தில் பட்டுத்தான் வர வேண்டும். 41 மீட்டர் அலைவரிசை ஒரு நேரத்துக்கு, 25 மீட்டர் அலைவரிசை ஒரு நேரத்துக்கு என்று மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள் உள்நாட்டுக்காரர்கள். கடற்கரைக்காரர்களுக்கு அந்த வேலையே கிடையாது, முள் ஒரே இடத்தில் துருப்பிடித்துக் கிடக்கும்.

1978 நவம்பரில் நம் பக்கத்து நாடுகளில் எல்லாம் மத்திய அலை நிலையங்களின் இடைவெளியை 9 கிலோஹெர்ட்ஸ் என்று திருத்தி அமைத்தார்கள். அப்பா டயலில் பேனாவால் போட்டு வைத்திருந்த கோடு அதில் ஒரு மயிரிழை தள்ளிப்போனது. பெட்டி கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் பணம் வாங்கிக்கொண்டு வேறு கோடு போட்டுக் கொடுத்தார்.

5 ஜூன், இரவு 10.35

ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது தெரியுமா என்று யாரோ ஆச்சரியப்படுகிறார்கள். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980களின் நடுவில்தான் எடுத்தார்கள். கொழும்பைக் கேட்க டெல்லிக்குக் கட்டணம்!

பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்சம் பாடும். இதை மறுக்கிறவர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

6 ஜூன், காலை 8.00

எவரெஸ்ட் கதை வந்துவிட்டது. வரும் என்று தெரியும். 1953 மே 29 அன்று ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியில் நின்று டிரான்சிஸ்டரைத் திருப்பியதும் முதலில் கேட்டது சிலோன் ரேடியோதான் என்ற கதை.

நானும் சிலோன் ரேடியோ பக்தன்தான், அதற்காக இதைத் தூக்கிச் சுமக்க முடியாது. கடையில் வாங்கக்கூடிய முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ அமெரிக்காவில் வந்ததே 1954 கடைசியில். ஒன்றரை ஆண்டு முன்னால் அது உச்சிக்கு எப்படிப் போயிருக்கும்? வால்வு ரேடியோவும் அதற்கான பேட்டரியும் தூக்கிக்கொண்டு கடைசி முகட்டில் யாரும் ஏற மாட்டார்கள். அவர்கள் அங்கே இருந்ததே கால் மணி நேரம்தான். கீழே முகாமில் வானொலி இருந்தது உண்மை. அந்தக் குழுவுக்காகவே பிபிசியும் ஆல் இந்தியா ரேடியோவும் வானிலை அறிக்கை ஒலிபரப்பின. முகாமில் யாராவது பொழுதுபோகாமல் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பியிருக்கலாம். அது நடக்கக் கூடியது. உச்சிக் கதையை விட்டுவிடுவோம்.

6 ஜூன், காலை 8.25

இல்லை, ஐயா, எவரெஸ்ட் கதையை மறுத்ததால் நான் இலங்கைக்கு விரோதி இல்லை.

8 ஜூன், மாலை 4.30

அன்றைக்குச் சொன்ன குரல் விஷயம்.

1950களில் வர்த்தக சேவையின் தமிழ்க் குரல் என்றால் மயில்வாகனன். என் அம்மாவின் தலைமுறை அவரைப் பற்றிப் பேசும்போது முகமே மாறும். எனக்குக் கிடைத்தவர்கள் அடுத்த வரிசை: கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம், எஸ்.கே. பரராஜசிங்கம். காலையில் பொங்கும் பூம்புனல். பிறகு பிறந்தநாள் வாழ்த்து, நீங்கள் கேட்டவை, பாட்டுக்குப் பாட்டு, இசையும் கதையும்.

ராஜா வேகம். ஒரு படத்தில் கதாநாயகன் கேள்வி கேட்பான். வேறு ஏதோ படத்தின் பாட்டில் ஒரு வரி அதற்குப் பதில் சொல்லும். வெட்டி ஒட்டுகிற கணினி ஏது? இசைத்தட்டு, ஒலிநாடா, கை, காது, அவ்வளவுதான். இன்று பண்பலையில் இதையே மென்பொருள் வைத்துச் செய்கிறார்கள், ஒரு நொடி தப்பாகத்தான் விழுகிறது. ஹமீத் நேர் எதிர். நிதானம், ஒவ்வொரு ழகரமும் ளகரமும் அதனதன் இடத்தில். பாட்டுக்குப் பாட்டு பின்னால் தொலைக்காட்சிக்கும் போனது, அதுவும் அவரோடுதான். ராஜேஸ்வரி சண்முகம் நாடகத்தில் பேசினால் எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும்.

விவித் பாரதி ஏன் இவர்களை வெல்லவில்லை என்பதற்கு என் பதில் இதுதான். பாட்டு இரண்டு இடத்திலும் ஒரே பாட்டு. நம் அரசு வானொலியில் பாட்டை ஆபீஸ் கோப்பு மாதிரி எடுத்து வைத்தார்கள். கொழும்பில் உங்களிடம் பேசினார்கள். அதைவிடப் பெரிய விஷயம், பெயர் வாசித்தார்கள். எங்கள் ஊர் அரசு வரைபடத்திலேயே ஒழுங்காக இல்லாத காலம். கடல் தாண்டி ஒருவர் அந்தப் பெயரைச் சரியாக உச்சரித்து, அங்கே இன்னாரின் மகன் இன்னாருக்கு இன்று பிறந்தநாள் என்று சொல்வார். அந்த வீட்டுக்காரர் அன்று முழுக்கத் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்.

எங்கள் தெருவில் வாய்ச்சண்டை போட்ட இரண்டு குடும்பங்கள், ஒருவர் பெயரில் இன்னொருவர் கார்டு போட்டு, வேண்டுமென்றே ஒப்பாரி மாதிரி சோகப் பாட்டாக விரும்பிக் கேட்டுப் பழிவாங்கியதும் உண்டு.

8 ஜூன், இரவு 11.00

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரொம்பத் தேன் தடவியிருக்கிறது. மறுபக்கமும் இருக்கிறது.

ஒன்று, பெயர் வாசிப்பு. மூன்று நிமிடப் பாட்டுக்கு முன்னால் ஐம்பது பெயர். என் அக்கா பாட்டு வரும் வரை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். வந்ததும் கரண்ட் போய்விடும், இல்லை அலை போய்விடும்.

இன்னொன்று கனமானது. இலங்கைத் தமிழ்க் கலைஞர்கள் பலருக்கு வர்த்தக சேவை மீது நியாயமான மனக்குறை இருந்தது. காலை முதல் இரவு வரை இந்தியச் சினிமாப் பாட்டு என்றால் எங்கள் பாட்டுக்கு இடம் எங்கே என்று கேட்டார்கள். விளம்பரப் பணம் நம்மிடம், ரசனையும் நம்முடையதாக ஆகிவிட்டது. அதற்குள்ளேயே மல்லுக்கட்டி ஈழத்து மெல்லிசையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பரராஜசிங்கம். அறிவிப்பாளர் மட்டுமில்லை, பாடகரும்தான். பொப்பிசை என்ற இலங்கைத் தமிழ் பாப் பாட்டுகளை எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கியில் போட்டு ஆடினார்கள் என்றால் அது இந்த வானொலி வழியாகத்தான் வந்தது. நாடகம் என்று எடுத்தால் சானா, சில்லையூர் செல்வராசன் என்று தனி உலகம். நாங்கள் அதைப் பாட்டு வரும் வரை கேட்டோம். பிறகு பாட்டை விட்டுவிட்டு அதைக் கேட்டோம். யாழ்ப்பாணத்துப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்று பதில் சொல்லி அப்பாவிடம் நான் முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

அப்புறம், தனியார் நிலையம் என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை. ஆரம்பம் முதல் அரசுடையது. 1967 ஜனவரியில் துறையாக இருந்தது கூட்டுத்தாபனமானது. 1972-இல் நாடு குடியரசானதும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியது. விளம்பரம் வாங்கினாலும் சம்பளம் அரசுச் சம்பளம்.

11 ஜூன், இரவு 8.15

முடிவு எப்படி வந்தது என்று விவாதம் போகிறது. தொலைக்காட்சிதான் கொன்றது என்கிறார்கள். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டில் வந்தது உண்மை. ஆனால் எங்கள் பக்கம் டிவி பார்த்தவர்கள் யார்? நான் கண்ணால் பார்த்த முதல் போட்டி டேப் ரெக்கார்டர். 1980 வாக்கில் கஸ்பா முக்கில் பாட்டுப் பதிவுக் கடை வந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட் கையில். பெயர் வாசிப்பு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இளவட்டங்கள் அப்படி நழுவினார்கள்.

பெரியவர்கள் நழுவியது 1983 ஜூலைக்குப் பிறகு. கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அதே கொழும்பிலிருந்து வரும் பாட்டைச் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை. அந்த மாதம் செய்திக்காக பிபிசி தமிழோசைக்கு முள்ளைத் திருப்பினோம், அது அங்கேயே நின்றது. கலைஞர்களும் அறிவிப்பாளர்களும் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போனார்கள். பின்னாளில் லண்டனிலும் கனடாவிலும் முளைத்த தமிழ் வானொலிகளில் பழைய குரல்கள் கேட்டன. கே.எஸ். ராஜா 1989-இல் கொல்லப்பட்டார். செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனது நினைவிருக்கிறது.

ஆகவே வளர்ச்சிக்கு கேஸ்கர், வீழ்ச்சிக்கு டிவி என்று இரண்டு வரியில் எழுதுகிறவர்கள் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வெளியிலேயே நின்று எழுதுகிறார்கள் என்பேன்.

11 ஜூன், இரவு 8.40

'இப்போது இல்லையா?' இருக்கிறது. அந்த வர்த்தக சேவையின் வாரிசுதான் தென்றல். புத்தளத்து 873 கிலோஹெர்ட்ஸ் தென் மாவட்டக்காரர்களுக்குப் பழகிய எண். பக்கத்திலேயே 882-இல், அதே புத்தளத்திலிருந்து 400 கிலோவாட்டில் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் வரும். மலிவான பெட்டியில் இரண்டும் கலந்து, காதல் பாட்டுக்கு நடுவே பிரசங்கம் கேட்டவர்கள் கை தூக்கவும்.

எதிர்த் திசையும் உண்டு. தூத்துக்குடி ஆல் இந்தியா ரேடியோ 1053-இல், 200 கிலோவாட். அந்தக் கரையில் அது பிரமாதமாகக் கேட்கிறது என்று மன்னார்க்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். உப்புத் தண்ணீர் யாருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை.

12 ஜூன், காலை 6.30

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அப்போது ஒரே நேரமா என்று ஒருவர் கேட்டது சுவாரசியமான கேள்வி. ஆமாம், அந்தக் காலத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். கொழும்பின் மணி ஒலியை வைத்துத்தான் அப்பா சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். 1996-இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கை கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அந்த ஆண்டே அதை அரை மணியாக்கியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டுகளில் விடாமல் கேட்ட மாமா ஒருவர் ரேடியோவுக்குத் தனிக் கைக்கடிகாரம் வைத்திருந்தார். இடது கையில் இந்தியா, வலது கையில் இலங்கை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் பெண் வீட்டார் மிரண்டுவிட்டார்கள்.

15 ஜூன், மாலை 5.10

பழைய கேசட்டில் அறிவிப்பாளர் குரல் பதிவு இருக்கிறது, கணினியில் ஏற்ற வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருப்பதால் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். உடனே பிளேயரில் போட்டு ஓட்டாதீர்கள். முதலில் மூடியைத் திறந்து, நடுவில் இருக்கும் சின்னப் பஞ்சுத் திண்டு விழுந்துவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் பசை காய்ந்து விழுந்திருக்கும். விழுந்திருந்தால் நாடாவை வேறொரு கேசட்டின் நல்ல கூட்டுக்குள் மாற்றுங்கள். அப்புறம் ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றுங்கள், ஒட்டிக்கொண்ட இடம் பிரியும். பிளேயரில் நாடா உரசும் தலையை (ஹெட்) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகுதான் பதிவு. முக்கியமாக, பாட்டுக்கு நடுவே வரும் பேச்சை வெட்டாதீர்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும்.